படகு என்ஜின் பட்டறையில் ஒரு கான்டெஸா

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தப் பட்டறைப் பக்கம் கார் என்ஜினைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அது மீன்பிடித் தடைக்காலம். கடலூர் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற விசைப்படகுகளுக்கு நிதானமாக என்ஜின் பிரித்து வேலை பார்க்கக் கிடைப்பது வருடத்தில் அந்த 61 நாள்தான். அதனால் பட்டறை வாசலில் ஆறு சிலிண்டர் லேலண்ட் பிளாக்குகள் (என்ஜினின் சிலிண்டர்கள் இருக்கிற வார்ப்பு) கல்யாண வீட்டு வாசல் செருப்பு மாதிரி குவிந்து கிடக்கும், நடுவில் நீங்கள் போய் “அண்ணே, என் கார்” என்று ஆரம்பித்தால் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜூன் முடிந்து வரச் சொல்லிவிடுவார்கள். நான் 2025 மே முதல் வாரத்தில் போனேன். புதுச்சேரியிலிருந்து குட்டியானை வாடகைக்குப் பிடித்துக் கொண்டுபோன என்ஜினை முதலில் இறக்கவே விடவில்லை. டிரைவர் எனக்காகப் பரிந்து பேசியதால் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அங்கே அது சாக்கு போர்த்திக்கொண்டு ஆறு வாரம் தூங்கியது.

இடம் கடலூர் முதுநகர், துறைமுகத்துக்குப் போகிற வழியில். பெயர்ப் பலகை கிடையாது. இருக்கிற வேலைக்கே ஆள் இல்லை, நீ எழுதி இன்னும் நாலு பேரைக் கூட்டிவிடாதே என்று பட்டறைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டதால் அடையாளம் இதற்கு மேல் சொல்லப்போவதில்லை. துறைமுகத்துப் பக்கம் டீக்கடையில் “போர் போடுற இடம் எங்கே” என்று கேட்டால் கை காட்டுவார்கள், அது போதும். (போர் என்றால் இங்கே என்ஜினின் சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிசாக்குகிற வேலை.)

என் கார் 1993 மாடல் கான்டெஸா கிளாசிக், பெட்ரோல். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா தாத்தா ஒருவர் வைத்திருந்த வண்டி, அவர் பிள்ளைகளோடு பிரான்சுக்கே போனபோது அப்பா வாங்கினார். இந்த வண்டியை எல்லோரும் ‘இந்தியாவின் மசில் கார்’ என்பார்கள். நீளமான பானெட்டும் அகலமான முகமும் பார்த்துச் சொல்வது. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கம்பெனியுடையது, அதை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி வந்து ஆரம்பத்தில் அதற்குள் அம்பாசடரின் 1,489 சிசி என்ஜினை வைத்து விற்றது, ஐம்பது குதிரைத்திறன். பயில்வான் உடம்புக்குள் பால்குடிக் குழந்தையின் இதயம். அப்புறம்தான் கிளாசிக் என்ற பெயரில் இசுசுவின் 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியரும் வந்தன, வண்டி ஓரளவுக்கு முகத்துக்கு ஏற்ற மாதிரி ஓட ஆரம்பித்தது. ஆனால் மசில் கார் என்றால் ராட்சத என்ஜின் வைத்த அமெரிக்கக் கார், அது வேறு சங்கதி, அதை எனக்குத் தினமும் நினைவுபடுத்துவதற்கென்றே ஒருவன் டெக்சாஸில் இருக்கிறான்.

என் சித்தப்பா மகன். அவனிடம் 1970 செவர்லே செவெல் இருக்கிறது, அதற்காக மூன்று வருடமாக ஒரு பிக் பிளாக் என்ஜின் கட்டினான். பிக் பிளாக் என்பது வெறும் சிசி கணக்கு இல்லை, வார்ப்பே பெரியது. செவர்லேவின் ஸ்மால் பிளாக்கில் ஒரு சிலிண்டர் நடுவிலிருந்து அடுத்த சிலிண்டர் நடுவுக்கு 4.40 அங்குலம் என்றால் பிக் பிளாக்கில் 4.84 அங்குலம், அந்த இடைவெளி இருப்பதால்தான் அவ்வளவு பெரிய துளை போட முடிகிறது. அவனுடையது 454, அதாவது 454 கன அங்குலம், நம் கணக்கில் ஏறக்குறைய 7.4 லிட்டர். எட்டு சிலிண்டர். அதில் ஒரே ஒரு சிலிண்டர் 930 சிசி, நம்மூர் மாருதி 800-இன் முழு என்ஜினே 796தான். என்னுடைய இசுசுவுக்கு 84 மி.மீ. துளை, 82 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்), மொத்தம் 1,817 சிசி. அவனுடைய இரண்டு சிலிண்டர் என் என்ஜினை விழுங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை, என் 1,817-ஐ நாலால் வகுத்துப் பாருங்கள், ஒரு சிலிண்டருக்கு 454 சிசி வரும். “நானும் 454தான்டா” என்று அவனிடம் சொன்னேன். அன்றிலிருந்து என் வண்டிக்கு அவன் வைத்த பெயர் ‘எட்டணா செவெல்’.

சரி, என்ஜினுக்கு என்ன ஆனது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். பாண்டிச்சேரியில் ஒரே நாளில் நாற்பது செ.மீ.க்கு மேல் கொட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் வண்டியின் ஹெட்லைட் வரை நின்றது, இரண்டு நாள் வடியவில்லை. சைலென்சர் வழியாக ஏறிய தண்ணீர், எந்த சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இது எனக்கு அப்போது தெரியாது. பக்கத்தில் இருந்த ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன் (யார் என்று கேட்காதீர்கள், தினமும் முகத்தில் முழிக்கிற ஆள்). வந்தவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாமல் இரண்டாவது கியரில் போட்டு, ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்தது, தண்ணீர் நகரவில்லை, நடுவில் மாட்டிய கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டு, வளைந்தது. ‘டங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணீரில் நின்ற பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நாலு பிளக்கையும் கழற்றாமல் யாரையும் சாவி போடவோ இழுக்கவோ விடாதீர்கள்.

என்ஜினைப் பிரித்துப் பார்த்தபோது மூன்றாம் நம்பர் சிலிண்டரில் துருக் குழிகள், ரிங்குகள் பிஸ்டனோடு ஒட்டிக் கிடந்தன. புதுச்சேரியில் இரண்டு இடம் விசாரித்தேன். ஒரு இடத்தில் போனிலேயே “ஒரு மில்லி போர் போட்ருவோம் சார், பிக்கப் சும்மா பிச்சிக்கும்” என்றார்கள். பிளாக்கைப் பார்க்காமலே. எனக்கும் அது இனிக்கத்தான் செய்தது, உள்ளுக்குள் செவெல் ஓடிக்கொண்டிருந்ததே. கடலூரில் மீன் ஏலத்தில் இருக்கும் நண்பன் ஒருவன்தான் முதுநகர் பட்டறையைச் சொன்னான். கடலுக்குள் நிற்கிற என்ஜினை நம்பித்தான் அவர்கள் உயிர் இருக்கிறது, போர் சரியில்லை என்றால் கரைக்கு வந்து சட்டையைப் பிடிப்பார்கள், அதனால் அந்த ஆள் வேலையில் ஏமாற்ற மாட்டார் என்றான்.

ஜூன் மூன்றாம் வாரம் கூப்பிட்டார்கள், போனேன். அண்ணனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கைலி, பனியன், காதில் பென்சில். என்னிடம் வண்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிளாக்கைத் துடைத்து மேசையில் ஏற்றி, துளை அளக்கிற போர் கேஜை எடுத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று, ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. இருபத்துநாலையும் பிளாக்கின் பக்கவாட்டிலேயே சாக்பீஸால் எழுதினார். எழுதி முடிக்கும் வரை வாயே திறக்கவில்லை. நான் பேச ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். அப்புறம் துருக் குழியின் ஆழத்தை ஒரு டயல் ஊசியால் பார்த்தார்.

“தம்பி, குழி இருபது பாயிண்ட். அம்பது சைஸ் போட்டா சுத்தமா போயிடும். அதுக்கு மேல வேணாம்.”

அதாவது குழி 0.20 மி.மீ. ஆழம். 0.50 மி.மீ. ஓவர்சைஸ் என்றால் துளையின் ஒவ்வொரு பக்கத்திலும் 0.25 மி.மீ. போகும், குழி அதோடு மறைந்துவிடும். நான் விடவில்லை. ஒரு மி.மீ. போடலாமே அண்ணே, பவர் வருமே என்றேன்.

“எவ்ளோ வரும்?”

போனில் கணக்குப் போட்டேன். 84-ஐ 85 ஆக்கினால் 1,817 சிசி 1,861 ஆகும். 44 சிசி கூடுதல்.

“நாப்பத்தி நாலு. அரை கிளாஸ் டீ கூட இல்ல. அதுக்காக சுவத்த தேய்க்கிறியா? நாளைக்கி இன்னொரு தபா போர் போடணும்னா எதுல போடுவ?”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். இரவு வீட்டுக்கு வந்து டெக்சாஸுக்குப் போன் போட்டு, இந்தாள் பயந்தாங்கொள்ளியா என்று கேட்டேன். அவன் சிரித்தான். அவனுடைய 454-ஐயும் 30 தவ், அதாவது 0.76 மி.மீ. மட்டும்தான் பெரிசாக்கினார்களாம், 454 கன அங்குலம் 460 ஆனது, அதனால் எல்லாம் பவர் வரவில்லை என்றான். அவன் வாங்கியது பழைய டிரக்கிலிருந்து கழற்றிய 454. இழுவைக்காகச் செய்தது, கம்ப்ரெஷன் ரேஷியோ, அதாவது சிலிண்டருக்குள் வந்ததை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு, எட்டுக்குப் பக்கத்தில். அதைப் புது பிஸ்டன் போட்டுப் பத்துக்குக் கொண்டுவந்ததும், சிலிண்டர்களுக்கு மேல் மூடி மாதிரி உட்காருகிற ஹெட்டின் காற்று வழியைச் சரிசெய்ததும், வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்டை மாற்றியதும்தான் பவர். செவர்லே பிக் பிளாக் ஹெட்டில் வால்வுகள் ஒன்றுக்கொன்று வேறு வேறு கோணத்தில் சாய்ந்து நிற்கும், அதனால் அமெரிக்காக்காரர்கள் முள்ளம்பன்றி ஹெட் என்பார்கள். அப்படிச் சாய்த்து வைத்ததால்தான் பெரிய வால்வு போடவும் காற்று தாராளமாக உள்ளே வரவும் இடம் கிடைத்தது. 1970-இல் செவெலில் வந்த எல்எஸ்6 என்ற 454-க்கு கம்பெனியே 450 குதிரைத்திறன் சொன்னது. அது என்ஜினை மட்டும் தனியாக ஸ்டாண்டில் வைத்து, ஃபேன் முதல் சைலென்சர் வரை எதுவும் மாட்டாமல் அளக்கிற பழைய கணக்கு, 1972-லிருந்து எல்லாம் மாட்டிய நிலையில் அளக்க ஆரம்பித்ததும் எண்கள் தானாகக் குறைந்தன. இதெல்லாம் சொல்லிவிட்டு, “உங்க ஊர் ஆள் கரெக்டாதான் சொல்றார், பேசாம கேளு” என்று வைத்துவிட்டான்.

இன்னொன்றும் சொன்னான், அதை அவன் வாயாலேயே கேட்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அவன் முதலில் கட்டிய என்ஜின் அரை மணி நேரம்கூட உயிரோடு இல்லை. பழைய வகை ஃபிளாட் டாப்பெட் கேம் (கேமின் மூக்கு தட்டையான டாப்பெட் மேல் உரசி வால்வைத் தள்ளுகிற வகை) போட்டால், முதல் தடவை ஸ்டார்ட் செய்தவுடன் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம். சுற்றிலேயே இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும், கேமும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுவதற்காக. எண்ணெயில் துத்தநாகச் சேர்க்கை அதிகம் இருக்க வேண்டும், இப்போதைய பெட்ரோல் கார் எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். அவன் கடையில் கிடைத்த சாதாரண எண்ணெயை ஊற்றி, கார்புரேட்டரைத் திருகிக்கொண்டு ஐடிலில் விட்டுவிட்டான். கேமின் மூக்கு தேய்ந்து, அந்த இரும்புத் தூள் எல்லா பேரிங்குக்குள்ளும் போய், மறுபடி முழுசாகப் பிரித்தான். டாலரில் அழுதான்.

பட்டறைக்கு வருகிறேன். இந்த ஆளிடம் எனக்குப் பிடித்த விஷயம், பிஸ்டன் கையில் இல்லாமல் போர் போடமாட்டார். “பொண்ண பாக்காம தாலி செய்யலாம், மோதிரம் செய்ய முடியுமா” என்பார். ஐம்பது சைஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் சில மைக்ரான் வித்தியாசம் இருக்கும், அதனால் நாலையும் மைக்ரோமீட்டரில் அளந்து, எது எந்த சிலிண்டருக்கு என்று தலையில் எண் போட்டு, அந்த அளவுக்குத்தான் துளை. ஆனால் கான்டெஸாவுக்கு ஐம்பது சைஸ் பிஸ்டன் தேடுவது தனிக் கதை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன், கடைசியில் ஒரு பெரியவர் பரணிலிருந்து தூசியோடு ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார். வளைந்த ராடுக்குப் பதில் புதுப்பேட்டையில் ஒரு பழைய ராடு. அண்ணன் அந்த ராடையும் மற்ற மூன்றையும் சமையலறைத் தராசு மாதிரி ஒன்றில் வைத்து எடை பார்த்து, அதிகமாக இருந்ததை அரம் போட்டுக் குறைத்து நாலையும் ஒன்றாக்கினார். இதை நான் கேட்கவே இல்லை.

அப்புறம் அந்தத் தட்டு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பட்டறையில் இருந்தபோது டெக்சாஸ் தம்பி வீடியோவில் வந்தான், அங்கே நடுராத்திரி. அண்ணனுக்கு அவனுடைய என்ஜின் படங்களைக் காட்டினேன், மனுஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்தார். அவன் பேச்சுவாக்கில் டார்க் பிளேட் பற்றிச் சொன்னான். ஹெட் போல்ட்டை முழு இறுக்கம் இறுக்கும்போது பிளாக் லேசாக இழுபட்டு, வட்டமாக இருந்த சிலிண்டர் சில மைக்ரான் கோணிவிடும். ஹெட் இல்லாமல் ஹோனிங் (போர் போட்ட துளையின் சுவரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) செய்தால் மேசை மேல் வட்டம், வண்டியில் ஏறினால் கோணல். அதனால் ஹெட்டுக்குப் பதிலாக நடுவில் துளையிட்ட ஒரு தடித்த இரும்புத் தட்டை அதே இறுக்கத்தில் மாட்டி, அந்தக் கோணலோடேயே ஹோனிங் செய்து வட்டமாக்குவது. பந்தய என்ஜின் கட்டுகிற அமெரிக்கப் பட்டறைகளில் இது சாதாரணம். அண்ணன் ‘ம்’ கொட்டினார், அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பத்து நாள் கழித்துப் போனால், என் பிளாக் மேல் நாற்பது மி.மீ. கனத்தில் ஒரு இரும்புத் தட்டு உட்கார்ந்திருக்கிறது, நாலு பெரிய துளை, சுற்றிலும் போல்ட். உடைக்கப் போட்ட ஒரு படகின் அடிப்பலகை இரும்பாம். பழைய கேஸ்கெட்டை அச்சாக வைத்துத் துளையிட்டிருக்கிறார். அடியில் கிராங்கைப் பிடிக்கிற மெயின் கேப்புகளும் அதே மாதிரி இறுக்கியிருந்தது. தட்டை மாட்டுவதற்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு, இரண்டையும் சாக்பீஸில் எழுதி வைத்திருந்தார். பதினெட்டு மைக்ரான் வித்தியாசம். தலைமுடியின் பருமனில் நாலில் ஒரு பங்கு. “உன் தம்பி சொன்னது நெசந்தான். லேலண்டுக்கு இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்” என்றார். கூலி வாங்கவில்லை, இரும்புக்கு மட்டும் 1,400 ரூபாய். ஹோனிங் முடிந்து சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னின மாதிரி கோடுகள், அதில்தான் எண்ணெய் நிற்கும், ரிங் படியும். போட்டோ எடுத்து டெக்சாஸுக்கு அனுப்பினேன். மூன்று நிமிடம் பதில் இல்லை, அப்புறம் ஒரே ஒரு கும்பிடு பொம்மை வந்தது.

ஹெட் வேலையும் இங்கேயேதான். வால்வு சீட் வெட்டி, கைடு மாற்றி, லீக் பார்க்க பெட்ரோல் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்திருந்தார், ஒரு சொட்டு இறங்கவில்லை. ஹெட்டை நன்றாக இழைத்துக் கம்ப்ரெஷனை ஏற்றலாமே என்று மறுபடி என் வாய் சும்மா இருக்கவில்லை. மேலே கேம் இருக்கிற என்ஜினில் ஹெட்டை இழைக்க இழைக்க கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறையும், செயின் தளர்ந்து வால்வு டைமிங் பின்னால் போகும் என்று விளக்கி, பதினைந்து பாயிண்டோடு, அதாவது சமமாகிற அளவோடு நிறுத்திக்கொண்டார்.

இனி குறைகள். இருக்கின்றன, நிறைய.

நாள் சொன்னால் நம்பாதீர்கள். “வெள்ளிக்கிழமை வா” என்றால் எந்த மாதத்து வெள்ளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனை எடுக்கவே மாட்டார், மெஷின் சத்தத்தில் கேட்காதாம். நான் பாண்டியிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர் வீணாகப் போய்த் திரும்பியது மட்டும் ஐந்து தடவை. ஆறாவது தடவை எரிச்சலில் சத்தம் போட்டுவிட்டேன், அவர் கோபப்படாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, படகு ஒன்று அவசரமாக வந்துவிட்டது, கடலில் ஆள் நிற்கிறது என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது.

இரண்டாவது, சுத்தம். இதுதான் பெரிய குறை. வெட்டுவதில் மைக்ரான் பார்க்கிற மனுஷன் கழுவுவதில் அலட்சியம். மண்ணெண்ணெயை ஒரு வீச்சு வீசி, காற்றடித்து, எடுத்துக்கொண்டு போ என்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் வழிகளின் பிளக்கைக் கழற்றி நீளமான பிரஷ் விட்டால், பழைய சேறோடு ஹோனிங் கல்லின் தூளும் கறுப்பாக வந்தது. அது அப்படியே உள்ளே இருந்திருந்தால் புது பேரிங் ஆயிரம் கிலோமீட்டர் தாங்காது. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன், வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும் வரை. இங்கே வேலை கொடுக்கிறவர்கள் இந்த ஒரு நாளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

மூன்றாவது, பெயிண்ட். கேட்காமலே அடித்துவிட்டார்கள். ஏதோ படகுக்கு வாங்கி மீதியிருந்த நீலம், பட்டறைப் பையன் ஆசையாக இரண்டு கோட் அடித்திருந்தான். என் பிளாக் இப்போது பானெட்டைத் திறந்தால் திருவிழாப் பந்தல் மாதிரி பளீரென்று இருக்கிறது. பையன் முகத்தைப் பார்த்துத் திட்ட மனசு வரவில்லை.

பில் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது: போர், ஹோனிங் நாலு சிலிண்டருக்கும் 3,200, கிராங்க் கிரைண்டிங் 3,000, ஹெட் வேலை மொத்தம் 4,800, ராடு வேலை 1,200, தட்டு இரும்பு 1,400. ஆக 13,600 ரூபாய். பிஸ்டன், ரிங், பேரிங், செயின், கேஸ்கெட் என்று உதிரிபாகம் எனக்குத் தனியாக 41,000 ஆனது. கார் என்ஜினை அவர்கள் பூட்டித் தரமாட்டார்கள், அதை முதலியார்பேட்டையில் இருக்கும் என் வழக்கமான மெக்கானிக் செய்தார், கூலி 12,000. முழுக்கணக்கு 66,600. தம்பி அவன் ஹெட்டுக்கு மட்டும் கொடுத்த காசில் நான் இரண்டு என்ஜின் கட்டலாம், அதை அவனிடம் சொல்லவில்லை.

பூட்டி முடிந்து ஆகஸ்டில் ஸ்டார்ட் செய்தோம். பிளக் போடாமல் செல்ஃப் அடித்து முதலில் எண்ணெய் அழுத்தம் ஏற்றிக்கொண்டு, அப்புறம் பிளக் போட்டு, அண்ணன் சொன்னபடி முதல் 500 கிலோமீட்டர் 60-க்கு மேல் போகாமல், ஆனால் ஒரே வேகத்திலும் பிடித்துக்கொண்டிருக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது என்று எல்லா ஹோஸையும் கார்புரேட்டர் டயஃப்ரமையும் மாற்றியாகிவிட்டது. இந்தப் புயலுக்கு முன்னால் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தபோது நாலு சிலிண்டரும் 115-லிருந்து 130 பி.எஸ்.ஐ. வரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. இப்போது 165, 165, 168, 165.

பவர் வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள். காகிதத்தில் 22 சிசி கூடியிருக்கிறது, இரண்டு மடக்குத் தண்ணீர். ஆனால் கடலூரில் தென்பெண்ணைப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி போகும் வழியில், மூன்றாவது கியரில் முன்னால் போகிற கரும்பு டிராக்டரை முந்துவதற்கு மிதித்தபோது, சீட்டோடு முதுகு லேசாக ஒட்டியது. அப்பா இந்த வண்டியை வாங்கிய வருடத்துக்குப் பிறகு அப்படி ஒட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தொண்ணூறு குதிரைகூட இல்லாத என்ஜின்தான், இருக்கிற குதிரை எல்லாம் எழுந்து நிற்கிறது. எல்லை தாண்டி முள்ளோடையில் நம் புதுச்சேரி விலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு வீடு வரும் வரை ரேடியேட்டர் முள் பாதியைத் தாண்டவில்லை. புகை இல்லை. 1,500 கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கில் அரை நூல்கூட இறங்கவில்லை.

டொயோட்டா என்ஜினைத் தூக்கி வை, வேறு ஏதாவது டர்போவை மாட்டு என்று சொன்னவர்களும் உண்டு. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்காமல் என்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் இருக்கிற என்ஜின் எண்ணுக்கும் வண்டிக்கும் பொருத்தம் இருக்காது, எஃப்.சி.க்கு நிற்கும்போது தெரியும் சேதி. அந்த ஆசை இருப்பவர்கள் இந்தப் பட்டறைக்குப் போகாதீர்கள், அண்ணன் பேசியே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவசரக்காரர்களும் போகாதீர்கள். பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஜீப், கான்டெஸா வைத்துக்கொண்டு, இருக்கிற என்ஜினை ஒழுங்காகக் கட்ட நினைக்கிறவர்கள் ஜூலைக்குப் பிறகு, பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். பெயிண்ட் வேண்டாம் என்று போனவுடனேயே பையனிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தட்டு அங்கேயேதான் இருக்கிறது. சுவரில் பெரிய ஆணி அடித்து மாட்டி, சாக்பீஸில் ‘கான்டசா’ என்று எழுதியிருக்கிறார். இசுசு 1.8 வைத்திருக்கிறவர்கள் கேளுங்கள், உங்களுக்கு அந்த 1,400 மிச்சம்.